ராவெல் வாசிக்காத ராவெல்

(மேற்கத்திய செவ்வியல் இசை ரசிகர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு. இடையில் ஒலிக்கப்பட்ட பதிவுகள் அந்தந்த இடத்தில் குறிக்கப்பட்டுள்ளன.)



இரண்டு பொய்களிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1932-இல் பாரிஸில் கொலம்பியா கம்பெனி மோரீஸ் ராவெலின் ஜி மேஜர் பியானோ கான்செர்ட்டோவைப் பதிவு செய்து இசைத்தட்டுகளாக விற்றது. பியானோ வாசித்தவர் மார்கெரித் லோங். ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர் என்று லேபிளில் அச்சான பெயர் ராவெல். ஆனால் அன்று கையில் கோலோடு ஆர்க்கெஸ்ட்ராவின் முன்னால் நின்றவர் பெட்ரோ டி ஃப்ரெய்டாஸ் பிராங்கோ என்ற போர்த்துக்கீசியர். ராவெல் கூடவே இருந்தார். கேட்டார், குறை சொன்னார், திருத்தினார். நடத்தவில்லை.

அடுத்தது அதற்கும் பத்து வருஷம் முந்தைய கதை. 1922-இல் லண்டனில் டுவோ-ஆர்ட் நிறுவனத்துக்காக ராவெல் பியானோ ரோல்கள் பதிவு செய்தார். அவர் பெயரில் வெளிவந்த அந்த ரோல்களில் ‘லெ ஜிபே’, ‘டோக்காட்டா’ இரண்டையும் அவர் வாசிக்கவில்லை. கூடப் போயிருந்த 23 வயது இளைஞர் ரொபேர் கசாதெசூஸ் வாசித்தார். இரண்டுமே கையை முறிக்கும் உருப்படிகள். எழுதியவருக்கே அவற்றை வாசிக்க விரல் போதவில்லை.

ராவெல் பெயரில் இன்று கிடைக்கும் பழைய பதிவுகளைத் தேடிப் போகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான். எது அவர், எது அவர் இல்லை? ஆய்வாளர்கள் பல வருஷம் செலவழித்து இதைப் பிரித்து எடுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலை நான் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. அவர் வாசித்த பதிவுகளைவிட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு ஒப்புதல் கொடுத்த பதிவுகள்தாம் அவரை நன்றாகக் காட்டுகின்றன என்பது என் கட்சி. இன்றைக்கு அதைத்தான் வாதாடப் போகிறேன். வழியில் நம்ம ஊர்க்காரர் ஒருவரும் வந்து சேர்வார்.

ராவெல் பிறந்தது 1875 மார்ச் 7, ஸ்பெயின் எல்லையை ஒட்டிய சிபூர் என்ற கடற்கரை ஊரில். தாய் பாஸ்க் இனத்தவர். தகப்பனார் ஜோசப் ஸ்விட்சர்லாந்து வழிவந்த பொறியாளர், கார்கள் ஓடத் தொடங்காத காலத்திலேயே எண்ணெயால் எரியும் நீராவி வண்டி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியவர். வீட்டில் ஒரு பக்கம் ஸ்பானியப் பாட்டு, மறுபக்கம் பல்சக்கரம். பையன் இரண்டையும் கடைசிவரை விடவில்லை. 1905 கோடையில் நண்பர்களோடு படகில் ரைன் நதிப் பக்கம் போனபோது அங்கிருந்த இரும்பு உருக்காலைகளைப் பார்த்து மெய்மறந்து, பட்டைகளும் ஊதல்களும் சம்மட்டிகளும் சேர்ந்து எழுப்பும் ஓசையைப் பற்றி நண்பர் மோரீஸ் தெலாஜுக்குக் கடிதம் எழுதினார். தெலாஜ் என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே 1905-இல்தான் ரோம் பரிசு விவகாரம் வெடித்தது. பிரெஞ்சு அரசின் அந்தப் பரிசுக்கு ராவெல் ஐந்து தடவை முயன்றார். கடைசித் தடவை முதல் சுற்றிலேயே கழித்துக் கட்டினார்கள். அதற்குள் அவருடைய தந்தி வாத்திய நால்வர் இசையும் ‘ஜோ தோ’வும் பாரிஸ் முழுக்கப் பேசப்பட்டுக்கொண்டிருந்தன. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. இசைக் கல்லூரி இயக்குநர் துபுவா பதவி விலகினார், அந்த நாற்காலியில் ராவெலின் ஆசிரியர் ஃபோரே வந்து உட்கார்ந்தார். பின்னாளில் அரசு லெஜியன் ஆஃப் ஆனர் விருது கொடுக்க வந்தபோது ராவெல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பழைய கணக்கு மறக்கவில்லை போலும்.

பெயரும் கையும் என்று பேச்சு வந்ததால் 1911-இல் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. இசைச் சங்கம் ஒன்று பாரிஸில் ஒரு விளையாட்டுக் கச்சேரி வைத்தது. வாசிக்கப்படும் உருப்படிகளை எழுதியவர் யார் என்று சொல்ல மாட்டார்கள், சபையோர் கண்டுபிடித்துச் சீட்டில் எழுத வேண்டும். அன்று ராவெலின் புதிய வால்ட்ஸ் தொகுப்பு, ‘வால்ஸ் நோப்லே சாந்திமாந்தால்’, வாசிக்கப்பட்டது. கேட்டவர்கள் சீட்டி அடித்தார்கள். ராவெலின் பக்தர்கள் சிலர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே அதைக் கேலி செய்தார்கள். இவர் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. சாத்தி என்றும் கொடாய் என்றும் ஆளுக்கொரு பெயர் எழுதிக் கொடுத்தார்கள். ராவெல்தான் என்று சரியாகச் சொன்னவர்கள் கொஞ்சம் வித்தியாசத்தில்தான் அதிகமாம். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த ஆறுதல்.

அந்த வால்ட்ஸைத்தான் 1913-இல் வெல்ட்டே கம்பெனிக்காகத் தாமே வாசித்துப் பதிவு செய்தார். கூடவே ‘சொனாட்டின்’ என்ற உருப்படியின் முதல் இரண்டு பகுதிகள். மூன்றாம் பகுதி இல்லை. காரணம் விரல்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் அப்படியே நினைக்கிறேன். அந்த மூன்றாம் பகுதி அவ்வளவு வேகம்.

பியானோ ரோல் என்பது நீளமான காகிதச் சுருள். வாசிப்பவர் எந்தக் கட்டையை எப்போது அழுத்தினார், எப்போது விட்டார் என்பது காகிதத்தில் குறியாக விழும். குறிகளைத் துளைகளாக வெட்டி, காற்றை உறிஞ்சி இயங்கும் பொறி வைத்த பியானோவில் சுருளை மாட்டினால் கட்டைகள் தாமே இறங்கி எழும். மைக் கிடையாது, ஆகவே கரகரப்பும் கிடையாது. அது பெரிய வசதி, அதுவே பெரிய வம்பும்கூட. சுருள் ஓடும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் கலைஞர் அவசரக்காரர் ஆகிவிடுவார். தவறான ஸ்வரத்தின் துளையை ஒட்டிவிட்டுச் சரியான இடத்தில் வெட்டிக்கொள்ளலாம். எவ்வளவு பலமாக, எவ்வளவு மென்மையாக அடித்தார் என்பதைப் பிடிப்பது கஷ்டம், அதில் கம்பெனி ஆட்களின் கையும் சேரும். ஆகவே ரோலைக் கேட்கும்போது கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும்.

(‘சொனாட்டின்’ முதல் பகுதி, வெல்ட்டே ரோல், ஒலிக்கப்பட்டது.)

கேட்டீர்களா? இரண்டு கையும் சேர்ந்து விழ வேண்டிய இடத்தில் இடது கை முந்துகிறது, வலது கை பிந்தி வருகிறது. ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டிய ஸ்வரக் கொத்தைக் கீழிருந்து மேலாக அடுக்கி உடைக்கிறார். காலப்பிரமாணம் அங்கங்கே இழுபடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்ந்த பியானோக்காரர்கள் எல்லோருக்கும் இருந்த பழக்கம் இது. இதில் வேடிக்கை, வாழ்நாள் முழுக்க இந்த மனிதர் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது நேர்மாறானது. என் இசைக்கு யாரும் விளக்கவுரை எழுத வேண்டாம், எழுதியதை வாசித்தால் போதும் என்பது அவர் ஓயாமல் சொன்ன பேச்சு. ஸ்கோரில் இருப்பதற்குமேல் ஒரு மூச்சு கூட்டினாலும் அவருக்கு ஆகாது. தான் வாசிக்கும்போது மட்டும் தன் ஸ்கோருக்கே அடங்கவில்லை.

இதை முரண்பாடு என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விரலில் ஊறிப்போன பழக்கம் ஒன்று, காது கேட்டது இன்னொன்று. ராவெலுக்குக் காது விரலைவிடப் பல மைல் முன்னால் ஓடியது. அதனால்தான் அவர் கை பட்ட பதிவுகளைவிட அவர் காது பட்ட பதிவுகளைத் தேடுங்கள் என்கிறேன்.

இனி ‘பொலெரோ’. இதில் கொஞ்சம் தங்கலாம்.

1928-இல் நடனக் கலைஞர் ஈடா ரூபின்ஸ்டைன் ஒரு ஸ்பானிய பாலே கேட்டார். அல்பெனிஸின் பியானோ உருப்படிகளை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று ராவெல் நினைத்திருந்தார். விசாரித்தால் அந்த உரிமை ஏற்கெனவே ஆர்போஸ் என்பவருக்குப் போய்விட்டது. வேறு வழியில்லாமல் சொந்தமாக எழுதினார். 1928 நவம்பர் 22 அன்று பாரிஸ் ஒபேராவில் அரங்கேறியது. சிறு முரசு ஒன்று 24 அடிகள் கொண்ட ஒரு சொற்கட்டைத் தட்ட ஆரம்பிக்கும். அதையே 169 தடவை தட்டும். மேலே இரண்டே இரண்டு மெட்டுகள், மாறி மாறி. வாத்தியம் மட்டும் மாறும், கூடும், சத்தம் ஏறும். கடைசியில் ஒரே ஒரு தடவை சுருதி பெயர்ந்து சில நொடிகளில் திரும்பி வந்து, எல்லாம் ஒரேயடியாகச் சரிந்து விழும். பாலே அரங்கத்தின் பின்னணியில் ஒரு தொழிற்சாலை தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை. இதில் இசையே இல்லை, வெறும் ஆர்க்கெஸ்ட்ரா நெசவுதான், பதினேழு நிமிஷம் ஓடும் என்று 1931-இல் ஒரு லண்டன் பத்திரிகைக்கு அவரே சொன்னார். அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அது தற்காப்பு.

இந்தப் பதினேழு நிமிஷத்தில்தான் சண்டை. மெட்டு மாறாது, தாளம் மாறாது, ஆகவே கேட்பவரைக் கட்டிப் போடுவது காலப்பிரமாணம் ஒன்றுதான். அது ஓடவும் கூடாது, சாயவும் கூடாது. நடத்துநருக்கோ சத்தம் ஏற ஏறக் கை தானாகவே வேகம் பிடிக்கும். மனித சுபாவம்.

1930 ஜனவரியில் பாரிஸில் ‘பொலெரோ’ இரண்டு தடவை பதிவானது. முதலில் கிராமபோன் கம்பெனிக்காக பியேரோ கொப்போலா நடத்தினார். இத்தாலியர், அந்தக் கம்பெனியின் பிரெஞ்சுக் கிளைக்குக் கலைப் பொறுப்பாளர். ராவெல் பதிவின்போது கூடவே இருந்தார். கடைசிப் பகுதியில் கொப்போலா லேசாக வேகம் கூட்டியதும் துள்ளி எழுந்து வந்து அவர் கோட்டைப் பிடித்து இழுத்து, இவ்வளவு வேகம் வேண்டாம் என்று கத்தினாராம். கொப்போலாவே பிற்பாடு தம் நினைவுகளில் எழுதிய சங்கதி இது. மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

அதே மாதம் பொலிடோர் கம்பெனிக்காக லாமுரோ ஆர்க்கெஸ்ட்ராவை ராவெலே நடத்தினார். 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் நாலு, நாலரை நிமிஷத்துக்குமேல் கொள்ளாது. எங்கும் நிற்கக் கூடாது என்பதற்காகவே எழுதிய உருப்படியை நாலாக வெட்டி இரண்டு தட்டில் அடைத்தார்கள். வீட்டில் கேட்டவர்கள் மூன்று தடவை எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். பிற்காலத்தில் ஒட்டுப்போட்டுத் தொடர்ச்சியாக்கியதைத்தான் நாம் இப்போது கேட்கிறோம்.

(‘பொலெரோ’, லாமுரோ ஆர்க்கெஸ்ட்ரா, 1930, முழுமையாக ஒலிக்கப்பட்டது.)

சுமார் பதினாறு நிமிஷம். அச்சு ஸ்கோரில் நிமிஷத்துக்கு 72 எண்ணிக்கை என்று போட்டிருக்கிறது. இங்கே தொடக்கமே 66-ஐ ஒட்டி இருக்கிறது. அதோடு, மெட்ரோனோம் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதிக்குமேல் அது ஏறவில்லை, ஒரு மயிரிழை இறங்குகிறது. எல்லோரும் ஓடுவார்களோ என்ற பயத்தில் இவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே நடத்தியிருக்கிறார். நடத்துநராக அவர் பெரிய ஆள் இல்லை. சில இடங்களில் வாத்தியக்காரர்கள் தங்கள் போக்கில் போகிறார்கள். ஆனால் அந்தப் பிடிவாதத்தை வேறு எந்தப் பதிவிலும் நான் கேட்டதில்லை. அந்தக் காலத்து பிரெஞ்சு பஸூனின் மூக்கடைத்த குரலையும் கவனியுங்கள், இன்று பெரும்பாலான ஆர்க்கெஸ்ட்ராக்களில் ஜெர்மன் வகை வாத்தியம் வந்துவிட்டதால் இந்த நாதம் அருகிப் போயிற்று. டிராம்போன் தனியாக வரும் இடத்தில் வாசிப்பவர் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வெட்கமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறார். நமக்குப் பழகிய சங்கதிதான் அது. ராவெல் அதைத் திருத்தவில்லை, பிடித்துத்தான் இருந்திருக்க வேண்டும்.

நான்கு மாதம் கழித்து, மே 4 அன்று, டோஸ்கானினி நியூயார்க் பில்ஹார்மோனிக்கோடு பாரிஸ் ஒபேராவுக்கு வந்தார். ‘பொலெரோ’வை ஓட்டமாக ஓட்டினார். சபை எழுந்து ஆரவாரித்தது. டோஸ்கானினி, ராவெல் உட்கார்ந்திருந்த பக்கம் கையைக் காட்டினார். ராவெல் எழுந்திருக்கவில்லை. மேடைக்குப் பின்னால் போய் வேகம் தப்பு என்று நேரிலேயே சொன்னார். அப்படி வாசித்தால்தான் இந்த உருப்படி பிழைக்கும் என்பது டோஸ்கானினியின் பதில். பிற்பாடு ராவெல் சமாதானக் கடிதம் எழுதினார் என்றாலும் வேகத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. டோஸ்கானினி நடத்திய வானொலிப் பதிவு 1939-இலிருந்து ஒன்று இருக்கிறது. உள்ளதைச் சொன்னால், அதுவும் அபாரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வேறு உருப்படி.

இப்போது தெலாஜ். ராவெலின் நண்பர் குழாம் ஒன்று உண்டு, தங்களைத் தாங்களே ‘அப்பாச்சிகள்’ என்று அழைத்துக்கொண்ட இளைஞர்கள். ஊர்க்காரர்கள் தூங்க வேண்டுமே என்பதால் பாரிஸின் ஓத்தேய் பகுதியில் ஒதுக்குப்புறமாக இருந்த தெலாஜின் சிறிய வீட்டில் இராப்பகலாகக் கூடி வாசிப்பார்கள். தெலாஜ், ராவெலிடம் பாடம் கேட்டவர். 1912-இல் அவர் இந்தியாவுக்கு வந்தார். இங்கிருந்து பாட்டுக் கதை எழுதிக்கொண்டு போன வெள்ளைக்காரர்கள் எத்தனையோ பேர். இவர் கிராமபோன் தட்டுகளைக் கேட்டு, அவற்றைக் கையோடு கொண்டுபோனார். அவற்றில் சிதார் கலைஞர் இம்தாத் கானின் தட்டு ஒன்று. அந்தத் தந்தி இழுப்புகளை அப்படியே செல்லோவுக்கு மாற்றி ‘லாகூர்’ என்ற பாட்டின் தொடக்கத்தில் வைத்தார். இன்னொன்று கோயமுத்தூர் தாயியின் தட்டு.

ஆமாம், நம்ம கோயமுத்தூர் தாயிதான். தேவதாசி மரபில் வந்து, இருபதாம் நூற்றாண்டின் முதல் வருஷங்களிலேயே நூற்றுக்கணக்கான தட்டுகளில் பாடிப் பதிந்தவர். வள்ளலாரின் அருட்பா ஒன்றை அவர் ராகமாலிகையாகப் பாடிய தட்டைத் தெலாஜ் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டு, குரலுக்கும் பியானோவுக்குமாக ‘ராகமாலிகா’ என்ற உருப்படியை ஆக்கினார். சாகித்தியம் தமிழிலேயே. பக்கவாத்தியத்தின் தட்டு வர வேண்டிய இடத்தில் பியானோவின் ஒரு ஸ்வரத்துக்கு உரிய தந்திக்கடியில் அட்டைத் துண்டைச் செருகச் சொல்கிறார். அந்தக் கட்டையை அழுத்தினால் நாதம் வராது, மொத்தென்று தோல் சத்தம்தான் வரும். பியானோவுக்குள் பொருள்களைச் செருகியதற்காக அமெரிக்கர் ஜான் கேஜ் உலகப் புகழ் அடைந்தது இதற்குச் சுமார் கால் நூற்றாண்டு கழித்து. தட்டையும் ஸ்கோரையும் சேர்த்து வைத்து ஒப்பிட்டு இந்த உறவை விரிவாக எழுதியவர் அமெரிக்க இசையியலாளர் ஜான் பாஸ்லர். பெயர் ஒலி ஒத்திருக்கிறது என்று கேஜோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர் பெண்மணி.

1914 ஜனவரி 14 அன்று பாரிஸில் ஒரே கச்சேரியில் தெலாஜின் ‘நான்கு இந்துக் கவிதைகள்’, ராவெலின் மலார்மே பாடல்கள், ஸ்ட்ராவின்ஸ்கியின் ஜப்பானியப் பாடல்கள் மூன்றும் ஒலித்தன. தெலாஜின் நான்கில் முதல் பாட்டின் பெயர் ‘மதராஸ்’. பிற்காலத்தில் ஜேனட் பேக்கர் பாடிய பதிவு ஒன்று உண்டு, தேடிக் கேளுங்கள். இவ்வளவு விரிவாக இதைச் சொல்வதற்கு ஊர்ப்பாசம் மட்டும் காரணமில்லை. ராவெலைச் சுற்றி இருந்தவர்களுக்கு இசைத்தட்டு என்பது கச்சேரியின் நகல் மட்டுமாக இருக்கவில்லை. ஸ்கோரில் எழுத வராத நுணுக்கத்தைப் பிடித்து வைக்கும் கருவியாகவும் அதை அவர்கள் பார்த்தார்கள். ராவெல் பதிவு அறைகளில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்ததை அந்தப் பின்னணியில் வைத்துத்தான் புரிந்துகொள்ள முடிகிறது.

யுத்த காலத்தை வேகமாகக் கடக்கிறேன். குள்ளமான, எடை குறைந்த ஆள் என்று ராணுவம் திருப்பி அனுப்பியது. விமானம் ஓட்ட ஆசைப்பட்டார், கிடைக்கவில்லை. கடைசியில் 1916-இல் வெர்தூன் பக்கம் லாரி ஓட்டினார். 1917 தொடக்கத்தில் தாய் இறந்தார், அதிலிருந்து அவர் மீளவே இல்லை என்பார்கள் நண்பர்கள். யுத்தத்தில் செத்த நண்பர்களுக்கு ஆளுக்கொரு பகுதியாகக் காணிக்கையாக்கிய ‘லெ தோம்போ த கூப்ரான்’ அந்த ஆண்டில்தான் முடிந்தது. லண்டன் ரோலில் கசாதெசூஸ் வாசித்துக் கொடுத்த ‘டோக்காட்டா’ அதன் கடைசிப் பகுதி.

ஜி மேஜர் கான்செர்ட்டோவுக்கு வருவோம். தாமே வாசித்து உலகம் சுற்றுவதாகத் திட்டம் போட்டிருந்தார் ராவெல். அதற்காக அந்த வயதில் விரல் பயிற்சிகளை எடுத்து வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார். நடக்கவில்லை. மார்கெரித் லோங்கிடம் கொடுத்தார். 1932 ஜனவரி 14 அன்று பாரிஸ் சால் பிளேயெல் அரங்கில் லோங் வாசிக்க ராவெல் நடத்தினார். அது நிஜமாகவே அவர் நடத்தியது. ஏப்ரலில் பதிவு என்று வந்தபோதுதான் கோல் ஃப்ரெய்டாஸ் பிராங்கோவின் கைக்குப் போனது. லேபிளில் ராவெல் பெயர் இருந்தால் விற்கும் என்பது கம்பெனிக் கணக்கு. அது தப்புதான், அந்தப் போர்த்துக்கீசியருக்குச் செய்த அநியாயமும்கூட. பல வருஷம் அவர் பெயர் யாருக்கும் தெரியாமலே போயிற்று.

(கான்செர்ட்டோவின் இரண்டாம் பகுதி, லோங், 1932, ஒலிக்கப்பட்டது.)

தொடக்கத்தில் பியானோ மட்டும் மூன்று நிமிஷத்துக்கு மேல் தனியாகப் போகிறது. நீளமான ஒரே மூச்சாகக் கேட்கிறது அல்லவா? மோட்ஸார்ட்டின் கிளாரினெட் ஐவர் இசையை முன்னால் வைத்துக்கொண்டு, இரண்டிரண்டு தாளக்கட்டாக முக்கி முக்கி எழுதியதாக ராவெல் சொல்லியிருக்கிறார். லோங்கின் வாசிப்பில் இடது கை மெல்ல முந்துவதையும் கேட்டிருப்பீர்கள். ரோலில் ராவெலிடம் கேட்ட அதே பழக்கம். எழுதியதை மட்டும் வாசியுங்கள் என்று அதட்டிய ராவெல் இதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தலைமுறைக்கு அது ‘கூட்டுவது’ என்றே தோன்றவில்லை. நமக்கு இந்த ஒரு விஷயத்தை ஸ்கோர் சொல்லவே சொல்லாது, தட்டு மட்டும்தான் சொல்லும்.

எது அவருக்குப் பொறுக்கவில்லை என்பதற்கும் பதிவுச் சாட்சி இருக்கிறது. யுத்தத்தில் வலது கையை இழந்த வியன்னா பியானோக் கலைஞர் பவுல் விட்கென்ஸ்டைன், தத்துவவாதி லுட்விக்கின் அண்ணன், இடது கைக்கு மட்டுமான கான்செர்ட்டோ ஒன்றைக் கேட்டு எழுதி வாங்கினார். வாங்கியவர் பணம் கொடுத்தோமே என்று இஷ்டத்துக்கு மாற்றி வாசித்தார். ராவெல் வியன்னாவில் கேட்டுக் கொதித்துப் போனார். கலைஞன் அடிமை இல்லை என்று விட்கென்ஸ்டைன் எழுத, அடிமைதான் என்று ராவெல் பதில் எழுதினார் என்று லோங் பதிவு செய்திருக்கிறார். 1937-இல் ஆம்ஸ்டர்டாமில் புருனோ வால்டர் நடத்த விட்கென்ஸ்டைன் வாசித்த கச்சேரி ஒலிப்பதிவாகக் கிடைக்கிறது. ஸ்கோரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் ராவெலுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று புரிந்துவிடும். தனி வாசிப்புப் பகுதிகளில் ஸ்வரங்கள் இடம் மாறிக் கிடக்கின்றன. ஒரு கையால் போராடும் மனிதரின் துணிச்சலும் அதில் கேட்கிறது என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

1932 அக்டோபரில் பாரிஸில் ராவெல் ஏறியிருந்த டாக்ஸி மோதியது. அதற்கு முன்பே தொடங்கிவிட்ட நோய் அதன்பின் வேகம் பிடித்தது. சொல் தப்பியது, கையெழுத்து தப்பியது, கடைசியில் தம் பெயரையே எழுத முடியவில்லை. புத்தி தெளிவாக இருந்தது, இசை தலைக்குள் முழுசாக இருந்தது, வெளியே கொண்டுவரும் வழி மட்டும் அடைபட்டது. காது போகவில்லை. கடைசிப் படைப்பான டான் கிஹோட்டே பாடல்களை மார்சியால் சாங்கே பாட, கொப்போலா நடத்தி 1934-இல் பதிவு செய்தபோது ராவெல் அங்கே இருந்தார். 1937 டிசம்பரில் மூளையில் அறுவை செய்தார்கள், 28-ஆம் தேதி இறந்தார். வயது 62.

அவர் போனபின் காது யாரிடம் போனது? கசாதெசூஸ் பிற்பாடு தம் பெயரிலேயே ராவெலின் பியானோ இசை முழுவதையும் பதிவு செய்தார், கணக்கு நேரானது. விளாடோ பெர்ல்முத்தெர் 1920-களின் கடைசியில் எல்லா உருப்படிகளையும் ராவெல் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்துப் பாடம் கேட்டவர். 1950-களில் வாக்ஸ் கம்பெனிக்காகவும் 1970-களில் நிம்பஸ் கம்பெனிக்காகவும் இரண்டு தடவை எல்லாவற்றையும் பதிந்தார். விரல் சுத்தத்துக்கு முந்தையது, நாதத்துக்குப் பிந்தையது என்று வழக்கமாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் முந்தையதுதான். ‘பொலெரோ’ ஈட்டிய ராயல்டி, தம்பி எதுவார் இறந்தபின் ராவெல் குடும்பத்தைத் தாண்டி எங்கெங்கோ போய்ச் சேர்ந்து வழக்காகி, 2016-இல் பிரான்ஸில் உரிமைக் காலம் முடிந்தும் 2024-இல் நீதிமன்றத் தீர்ப்பு வரை இழுத்தது. அது தனிக் கச்சேரி, இன்றைக்கு வேண்டாம்.

எந்தப் பதிவை முதலில் கேட்பது என்று எப்போதும் ஒருவர் கேட்பார், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ‘பொலெரோ’ வேண்டாம். மதலேன் கிரே 1932-இல் பொலிடோருக்காக, ராவெலின் மேற்பார்வையில் பாடிய ‘மடகாஸ்கர் பாடல்கள்’. குரல், புல்லாங்குழல், செல்லோ, பியானோ, அவ்வளவுதான். கவிதைகள் பதினெட்டாம் நூற்றாண்டில் எவாரிஸ்த் த பார்னி எழுதியவை. ரெயூனியன் தீவில் பிறந்தவர், மடகாஸ்கரைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பிரெஞ்சு அதிகாரியோடு உதவியாளராகப் புதுச்சேரிக்கு வந்து கொஞ்ச காலம் இருந்தவர். ஊர் அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் அந்தக் கவிதைகளுக்கான சரக்கில் ஒரு பகுதி அங்கே சேர்ந்ததுதான் என்கிறார்கள். நடுப்பாட்டு, கடற்கரையில் குடியேற வரும் வெள்ளையரை நம்பாதீர்கள் என்று தீவுக்காரர்கள் எச்சரிப்பது. தொடக்கத்தில் வரும் ‘அவுஆ’ என்ற கூக்குரல் கவிதையில் இல்லை, ராவெல் சேர்த்தது. 1925-இல் பாரிஸில் இதை முதலில் பாடியபோது மொராக்கோவில் பிரான்ஸ் யுத்தம் நடத்திக்கொண்டிருந்தது. சபையிலிருந்து லியோன் மொரோ என்ற இசையமைப்பாளர் எழுந்து, நம் பிள்ளைகள் அங்கே சண்டை போடும்போது இதைக் கேட்க மாட்டேன் என்று ஆட்சேபித்து வெளியேறினார். மற்றவர்கள் இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள்.

கிரேயின் குரலில் அந்த முதல் கூச்சல் மைக்கைத் தாண்டிக் கிழிந்து வருகிறது. இன்றைய பதிவுப் பொறியாளர் யாராக இருந்தாலும் நிறுத்தி மறுபடி எடுக்கச் சொல்லியிருப்பார். ராவெல் சரி என்று விட்டுவிட்டார். இப்போது அதைப் போடுகிறேன், அப்புறம் உங்கள் கேள்விகளுக்கு வரலாம்.

(‘அவுஆ’, மதலேன் கிரே, 1932, ஒலிக்கப்பட்டது.)